பரங்கிப்பேட்டைக் கடலில் மீன் லார்வாக்கள்: எந்த மாதத்தில், எவ்வளவு, ஏன்?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கட்டப்பட்டுவிடுகின்றன. ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போகக் கூடாது. ‘மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால்’ என்று செய்தித்தாள்கள் ஒரே வரியில் காரணம் சொல்லிவிடும். அந்த வரியைப் பிரித்துப் பார்த்தால் கேள்விகள் வரிசையாக எழும். எந்த மீன் எந்த மாதத்தில் முட்டையிடுகிறது? அந்த முட்டைகள் எங்கே போகின்றன? பொரிந்த குஞ்சுகளில் எத்தனை பிழைக்கின்றன? இந்த 61 நாள் எல்லா மீனுக்கும் பொருந்துமா? இவற்றுக்கு விடை தேட வேண்டுமானால் பொரிந்த குஞ்சின் முதல் பருவமான, கண்ணுக்கு எளிதில் அகப்படாத லார்வாப் பருவத்துக்குள் போக வேண்டும். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டைக் கரை அதற்கு நல்ல இடம். வெள்ளாறு அங்கே கடலில் கலக்கிறது. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு, அதற்கும் தெற்கே கொள்ளிடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அங்கேதான் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யா வித்திட்ட அந்த நிலையத்தில் மீன் முட்டைகளையும் லார்வாக்களையும் பற்றிய ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன.

கடலின் எலும்பு மீன்களில் பெரும்பாலானவை முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிட்டுத் தம் வழியே போய்விடுகின்றன. முட்டையின் விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். நம் கடலின் வெதுவெதுப்பில் நெத்திலி முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடுகிறது. வெளியே வரும் உயிருக்கு நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். வாய் இன்னும் திறக்கவில்லை, கண்ணில் நிறம் ஏறவில்லை, செதில் கிடையாது, துடுப்புகள் உருவாகவில்லை. வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கரு மட்டுமே அதன் கட்டுச்சோறு. இரண்டு மூன்று நாளில் அது தீர்ந்துவிடும். அதற்குள் வாய் திறந்து, கண் தெளிந்து, முதல் இரையைப் பிடித்தாக வேண்டும். இரை என்பது பெரும்பாலும் துடுப்புக்காலிகள் எனப்படும் நுண்ணிய கணுக்காலிகளின் இளம்பருவம். சுற்றியுள்ள நீரில் அது போதிய அளவு இல்லையென்றால் குஞ்சு ஓரிரு நாளில் மீள முடியாத பலவீனத்துக்குப் போய்விடும். பிறகு இரை வந்தாலும் பயனில்லை.

இதைத் தாண்டிய குஞ்சுக்கு அடுத்த திருப்பம் வால் பகுதியில் நிகழ்கிறது. முதுகுநாணின் நுனி மேல்நோக்கி வளைகிறது. அதன் அடியில் வால் துடுப்பின் எலும்புகள் உருவாகின்றன. அதுவரை நீரோட்டத்தோடு போன உயிர் அதன் பிறகு நீந்தத் தொடங்குகிறது. எனவே ஆய்வாளர்கள் லார்வாவின் வயதைப் பேசும்போது இந்த வளைவுக்கு முன், வளைவின்போது, வளைவுக்குப் பின் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். சில இனங்களில் இதைவிட விசித்திரமான மாற்றங்களும் உண்டு. நாக்கு மீனின் லார்வா மற்ற மீன்களைப் போலவே தலையின் இருபுறமும் ஒவ்வொரு கண்ணோடு பிறக்கிறது. வளரும்போது ஒரு கண் தலையைக் கடந்து மறுபக்கம் வந்து சேர்கிறது. அதன் பிறகுதான் மீன் தரையில் படுக்கிறது. விலாங்கின் லார்வா மூங்கில் இலை போலத் தட்டையாக, நிறமற்று இருக்கும். தாயோடு எந்தச் சாயலும் இல்லாததால் அதைத் தனி மீன் என்றே கருதி ‘லெப்டோசெஃபாலஸ்’ என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். அது விலாங்கின் இளம்பருவம் என்பதை இத்தாலியின் கிராஸ்ஸியும் கலாண்ட்ருச்சோவும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிறுவினார்கள்.

ஒரு லட்சத்தில் எத்தனை?

இந்தப் பருவம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு எளிய கணக்கு காட்டிவிடும். ஒரு லட்சம் லார்வாக்கள் ஒரே நாளில் பொரிந்ததாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் அவற்றில் 10 விழுக்காடு இறந்தால், 30 நாள் கழித்து எஞ்சுபவை ஏறத்தாழ 4,200. நாள் இறப்பு 15 விழுக்காடானால் எஞ்சுபவை 760 சொச்சம். 20 விழுக்காடானால் 120 சொச்சம். தினசரி இறப்பில் வெறும் ஐந்து, பத்து விழுக்காட்டு வேறுபாடுதான். ஆனால் மாத முடிவில் கடலில் நிற்கும் குஞ்சுகளின் எண்ணிக்கை முப்பது மடங்குக்கும் மேல் மாறிவிடுகிறது. இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். இரை செழிப்பாக இருந்து, 30 நாளில் கடக்க வேண்டிய பருவத்தைக் குஞ்சு 20 நாளில் கடந்துவிட்டால், அதே 15 விழுக்காட்டு இறப்பிலும் 3,800க்கு மேல் பிழைக்கும். வேகமாக வளர்வதும் ஒரு பாதுகாப்பு. தாய் மீன்கள் எத்தனை முட்டையிட்டன என்பதைவிட, பொரிந்த பிறகு வந்த சில வாரங்கள் எப்படி இருந்தன என்பதே பிந்தைய ஆண்டுகளின் பிடிப்பைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்தக் கணக்கே அடிப்படை.

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் நார்வேயைச் சேர்ந்த யோஹான் யோர்ட். வட ஐரோப்பாவின் ஹெர்ரிங், காட் மீன்பிடிப்பு ஓர் ஆண்டு பொங்கி வழிவதும் இன்னோர் ஆண்டு வற்றிப்போவதும் ஏன் என்பது அவருடைய கேள்வி. மீன்களின் செதில் வளையங்களை எண்ணி வயதைக் கணித்தபோது, வலையில் வந்த ஹெர்ரிங்குகளில் பெரும்பங்கு 1904ஆம் ஆண்டு பிறந்தவை என்று தெரிந்தது. அந்த ஓர் ஆண்டுக் குஞ்சுகளே பல ஆண்டுகள் மீனவர்களுக்குச் சோறு போட்டன. மஞ்சள் கரு தீர்ந்து முதல் இரை தேடும் நாட்களே தலைவிதியைத் தீர்மானிக்கின்றன என்று 1914இல் அவர் எழுதினார். பின்னாளில் பிரிட்டனின் டேவிட் குஷிங் அதை விரித்தார்: மீன் முட்டையிடும் காலமும் நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தும் ஆண்டில் குஞ்சுகள் பிழைக்கும், தவறினால் மடியும். 1971இல் ஜார்ஜியோ பன்னெல்லா மீனின் செவிக்கல்லில் நாளுக்கு ஒரு வளையம் படிவதைக் காட்டினார். அதன் பிறகு ஒரு லார்வா எந்தத் தேதியில் பொரிந்தது என்பதைக்கூட நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்ல முடிந்தது.

நம் நாட்டில் இதற்கு ஒத்த அதிர்ச்சியைத் தந்தது கேரளத்தின் மத்தி. 2012இல் அங்கே ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கரைக்கு வந்தது. 2021இல் 3,300 டன்கூட வரவில்லை. எல் நினோவால் கடலில் ஏற்பட்ட மாற்றம், வெப்பம், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அளவுமீறிப் பிடித்தது எல்லாம் காரணங்களாகப் பேசப்படுகின்றன. எப்படியிருந்தாலும், இவ்வளவு வேகமான சரிவு, போதிய குஞ்சுகள் பிழைத்துச் சேராத ஆண்டுகள் அடுத்தடுத்து வந்ததன் அடையாளம். சந்தையில் தட்டுப்பாடு தெரியும்போது அந்தக் குஞ்சுகள் இல்லாமற்போய் ஓராண்டாவது கடந்திருக்கும்.

வலையும் நுண்ணோக்கியும்

லார்வாவைப் பிடிக்கும் வலை மீன்பிடி வலை போன்றதில்லை. இரட்டை வளையம் கொண்ட ‘போங்கோ’ வலையில் கண்ணி அளவு அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. படகு மெதுவாகப் போகும்போது வலை பின்னால் வரும். அதன் வாயில் பொருத்திய சிறிய சுழலி, எவ்வளவு நீர் வலைக்குள் புகுந்தது என்பதைக் கணக்கிடும். அதனால்தான் முடிவுகள் ‘100 கன மீட்டர் நீருக்கு இத்தனை லார்வாக்கள்’ என்ற வடிவில் வருகின்றன. அந்தச் சுழலியின் அளவு இல்லாத எண்ணிக்கையை இன்னொரு மாதத்தோடோ இன்னோர் இடத்தோடோ ஒப்பிட முடியாது.

இந்த வலைக்கும் குறைகள் உண்டு. பகலில் வலை வருவதைக் கண்டு நீந்தத் தெரிந்த பெரிய லார்வாக்கள் விலகிவிடும். இரவில் அதே இடத்தில் அதிகம் சிக்கும். பல இனங்கள் பகலில் ஆழத்திலும் இரவில் மேற்பரப்பிலும் இருக்கும். ஆக, பகலில் மட்டும் எடுத்த மாதிரியை வைத்து ‘இந்த மாதம் லார்வா குறைவு’ என்று சொல்வது அவசர முடிவு. கெடாமல் காக்கப் பார்மலினில் இட்டால் லார்வாவின் உடல் சுருங்கும், நாளடைவில் நிறப்புள்ளிகளும் மங்கும். மரபணுச் சோதனைக்கு ஆல்கஹால்தான் வேண்டும்.

அடையாளம் காண்பது இன்னும் கடினம். நெத்திலியின் லார்வாவும் சாளையின் லார்வாவும் நூலிழை போன்ற உடலோடு ஒன்றுபோலவே இருக்கும். முதுகுத் துடுப்பின் கீழேயே குதத் துடுப்பு தொடங்கினால் அது நெத்திலிக் குடும்பம். முதுகுத் துடுப்பைத் தாண்டி வெகுவாகப் பின்னால் தொடங்கினால் சாளைக் குடும்பம். உடலின் தசைக்கண்டங்களை எண்ண வேண்டும், குடல் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும், தாடையிலும் வால் ஓரத்திலும் உள்ள கறுப்புப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பல மாதிரிகள் குடும்பப் பெயரோடு நின்றுவிடும். 1920களில் ஜாவாக் கடலின் முட்டைகளையும் லார்வாக்களையும் டெல்ஸ்மன் வரைந்து வைத்த படங்கள் நம் பகுதி ஆய்வாளர்களுக்குப் பல காலம் துணையாக இருந்தன. நம் கடலின் மீன்கள் பல அங்கேயும் இருப்பதே காரணம். 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த மரபணுப் பட்டைக் குறியீடு இப்போது நிலைமையை மாற்றிவருகிறது. ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு மரபணுத் துண்டைப் படித்தால் இனத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் ஒப்பிடுவதற்கு வளர்ந்த மீனின் துண்டு, சரியான பெயரோடு, ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும். நுண்ணோக்கி முன் அமர்ந்து துடுப்புக் கதிர்களை எண்ணத் தெரிந்தவர்கள் குறைந்துவருவது கவலை தருகிறது. மரபணு இயந்திரம் அவர்களுக்குத் துணை நிற்கும். அவர்களுடைய இடத்தை நிரப்பாது.

மழையை ஒட்டி ஓடும் நாட்காட்டி

பரங்கிப்பேட்டைக் கடலில் ஆண்டை நான்காகப் பிரிப்பது ஆய்வாளர்களின் வழக்கம்: ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்குப் பின், ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடை, ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்கு முன், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கோடையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கை எட்டும். அதாவது ஆற்று வாயிலும் கடல்நீரே நிற்கும். மழை வெள்ளம் வந்தால் அதே இடத்தில் உப்பு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். சில நாட்களுக்குள் நடக்கும் இந்த வீழ்ச்சியே இந்தக் கரையின் லார்வா வாழ்க்கையை ஆளும் முதல் காரணி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எண்ணிக்கை பொதுவாகத் தாழ்ந்திருக்கும். ஆற்று வெள்ளம் குஞ்சுகளைக் கழிமுகத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்காததால் மிதவைத் தாவரங்கள் தேய்கின்றன. அவற்றை உண்ணும் துடுப்புக்காலிகளும் குறைகின்றன. அதே மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கித் திரும்பி, கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலில் கொட்டிய நன்னீர் கலந்த, உப்புக் குறைந்த நீரைத் தமிழ்நாட்டுக் கரை நெடுகக் கொண்டுவருகிறது. ஆக, உள்ளூரில் மழை பெய்யாத நாளிலும் கடல் நீர்த்திருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாடைக்காற்று வீசும் புயல் மாதங்களில் ஆய்வுப் படகுகள் பல நாள் கடலுக்குப் போக முடியாது. குறைவாகத் தெரிவதில் ஒரு பங்கு குறைவாக மாதிரி எடுத்ததாலும் இருக்கலாம்.

மழை அழிப்பதோடு நின்றுவிடுவதில்லை. வெள்ளம் கொண்டுவந்த வண்டலிலும் ஊட்டச்சத்திலும் அடுத்த மூன்று மாதங்களின் செழிப்பு அடங்கியிருக்கிறது. ஜனவரியில் நீர் தெளியத் தொடங்கும், வெயில் நீருக்குள் இறங்கும், டயாட்டம்கள் என்னும் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் பெருகும், அவற்றைத் தொடர்ந்து துடுப்புக்காலிகள் பெருகும். லார்வாக்களின் எண்ணிக்கையும் ஏறத் தொடங்கும். மடவை இந்த ஓட்டத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் மீன். அது மழைக்காலத்தை ஒட்டிக் கடலில் முட்டையிடுகிறது. விரல் நகம் அளவுக் குஞ்சுகள் மழை ஓயும் தறுவாயிலும் அதற்குப் பிந்தைய மாதங்களிலும் கழிமுகங்களுக்குள் கூட்டமாக வந்து சேர்கின்றன. ‘மீன்களின் இனப்பெருக்கக் காலம் கோடை’ என்ற ஒற்றை வரிக்கு மடவை ஒரு மறுப்பு.

கோடையில் உப்பும் வெப்பமும் நிலையாக இருக்கும், நீர் தெளிவாக இருக்கும், கடல் மீன்கள் கரையை நெருங்கிவரும். லார்வாக்களின் வகைகள் கூடுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். நெத்திலி, சாளை, காரல், கிழங்கான், பாறை, கத்தாழை, நாக்கு மீன், உளுவை என்று குடும்பங்கள் கலந்து வரும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பால்மீன் குஞ்சுகள் ஓதத்தோடு கரையோரக் குட்டைகளுக்கு வருவதும் இந்த மாதங்களில்தான். மண்டபம் பகுதியில் பால்மீன் வளர்ப்பு முயற்சிகளுக்கு அந்தக் குஞ்சுகளே விதையாக இருந்தன. நாகப்பட்டினத்தை ஒட்டிய கடலில் பறவைக் கோலா முட்டையிடுவதும் மே முதல் ஜூலை வரை. கோலாவின் முட்டை தனியே மிதக்காது. நூல்களால் மிதக்கும் பொருள்களைப் பற்றிக்கொள்ளும். இதை அறிந்த சோழமண்டல மீனவர்கள் கொழிஞ்சிச் செடிக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கோலாவைப் பிடித்தார்கள். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு மீன் எந்த மாதத்தில், எதன்மேல் முட்டையிடும் என்ற அறிவு ஆய்வுக்கூடத்துக்கு வருமுன் கட்டுமரத்தில் இருந்தது.

தீபகற்பத்தின் மறுகரையில் நாட்காட்டியே வேறு. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மிதவை உயிரிகள் கொழிக்கின்றன. மத்தி அந்தக் காலத்தை ஒட்டியே முட்டையிடுகிறது. மேற்குக் கரையின் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அமைந்திருப்பதற்கும் பருவமழையே பின்னணி. ஒரே மாநிலத்தில் கன்னியாகுமரியின் மேற்குப் பகுதிக்கு ஒரு தடைக்காலம், மற்ற மாவட்டங்களுக்கு இன்னொன்று என்று இருப்பதும் இதனால்தான்.

எண்ணிக்கை வேறு, பன்மயம் வேறு

அதிக லார்வா சிக்கிய மாதத்தை ‘செழிப்பான மாதம்’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். படகுக்குப் பக்கத்தில் நெத்திலிக் கூட்டம் ஒன்று முந்தைய இரவு முட்டையிட்டிருந்தால் வலை நிறைந்துவிடும். ஆனால் அது ஒரே இனம். தகவல் தொடர்புப் பொறியியலுக்காக 1948இல் கிளாட் ஷானன் தந்த சூத்திரம் இங்கே உதவுகிறது. எத்தனை வகைகள், அவை எவ்வளவு சமமாகக் கலந்திருக்கின்றன என்பதை அது ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். பத்துக் குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் பத்து என்று 100 லார்வாக்கள் வந்தால் ஷானன் குறியீடு 2.30. அதே பத்துக் குடும்பங்களில் ஒன்று மட்டும் 91, மற்றவை ஒவ்வொன்று என்றால் குறியீடு 0.50. இரண்டு மாதிரிகளிலும் எண்ணிக்கை 100, குடும்பங்கள் 10. ஆனால் கடலின் நிலை இரண்டிலும் வேறு. எண்ணிக்கையின் உச்சமும் பன்மயத்தின் உச்சமும் ஒரே மாதத்தில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வலையில் வந்ததே கடலில் உள்ளது என்றும் கொள்ளக் கூடாது. கரையில் விலை போகாத உளுவை வகைகள் லார்வாக் கணக்கில் முன்வரிசையில் நிற்கும். நாள்தோறும் சந்தைக்கு வரும் கடல் கெளுத்தி அதில் வராது. ஏனென்றால் ஆண் கெளுத்தி கோலிக்குண்டு அளவுள்ள தன் இனத்து முட்டைகளை வாயிலேயே அடைகாத்து, ஓரளவு வளர்ந்த பிறகே குஞ்சுகளை வெளியே விடுகிறது. கடல்குதிரையில் ஆணின் பைக்குள் குஞ்சுகள் வளர்கின்றன. பால்சுறா குட்டியே போடுகிறது. லார்வா ஆய்வை மட்டும் வைத்து மீன்வளத்தைப் பற்றி முழுமையாகப் பேச முடியாது. அதை விட்டுவிட்டும் பேச முடியாது.

குஞ்சுகள் நீரோட்டத்தில் செத்தை போல அலைகின்றன என்ற பழைய எண்ணமும் மாறிவிட்டது. கழிமுகத்துக்கு வரும் பல லார்வாக்கள் ஏற்ற ஓதத்தின்போது மேலெழும்பி உள்ளே வருகின்றன. இறக்க ஓதத்தின்போது தரைக்கருகே தாழ்ந்து, வெளியேற்றத்திலிருந்து தப்பிக்கின்றன. பாப்புவா நியூ கினியின் கிம்பே தீவில் 2007இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. தாய் மீன்களுக்குப் பேரியத்தின் அரிய ஐசோடோப்பைச் செலுத்தி, அதன் தடத்தைக் குஞ்சுகளின் செவிக்கல்லில் தேடினார்கள். தீவில் வந்து குடியேறிய கோமாளி மீன் குஞ்சுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு அதே தீவின் தாய்களுக்குப் பிறந்து, கடலில் திரிந்து, திரும்பி வந்தவை.

அதாவது குஞ்சுக்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். பரங்கிப்பேட்டைக் கரையில் அந்த இடம் வெள்ளாற்றுக் கழிமுகமும் பிச்சாவரத்தின் சுரபுன்னை வேர்களுக்கிடையே உள்ள வாய்க்கால்களும். பாக் நீரிணையில் கடல்தாழை எனப்படும் கடற்புல் படுகைகள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பவளத் திட்டுகள். இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. தடைக்காலம் தாய் மீனுக்கு 61 நாள் ஓய்வு தருகிறது. அந்தத் தாய் இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சு மூன்று, நான்கு வாரம் கழித்துக் கரைக்கு வரும்போது முகத்துவாரம் மணல் திட்டால் அடைபட்டிருந்தால் அது எங்கே போகும்? கோடையில் ஆற்றில் நீர் வராதபோது கடலலை மணலைச் சேர்த்து வாயை மூடிவிடுகிறது. கிழக்குக் கரையின் சிறிய ஆறுகள் பலவற்றில் இதுவே நிலை. ஆற்று நீர் கடலுக்குப் போவது வீண் என்ற பேச்சு நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும், ஜனவரிக்குப் பின் டயாட்டம்களை வளர்ப்பதும், மடவைக்கு வழிவிடுவதும் அந்த நீர்தான். அணைக்கட்டுத் திட்டங்களின் கணக்கில் இதற்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

கரையோரம் குடியேறிய குஞ்சுக்கு அடுத்து வருவது இழுவை மடி. தடைக்காலம் முடிந்ததும் குறுகிய கண்ணி மடிகள் தரையை வாரி வரும்போது, கோடையில் பிறந்தவை விரலளவுகூட ஆகாத நிலையில் சங்காயமாக, அதாவது விலை போகாத கழிவு மீனாக, கரைக்கு வந்து, கோழித் தீவனத்துக்கும் எருவுக்கும் போகின்றன. பாக் நீரிணையில் இது இரு நாட்டுப் பிரச்சினையும்கூட. அந்த ஆழமற்ற கடலில் பிறக்கும் லார்வாவுக்கு 1974இல் வரைந்த எல்லைக் கோடு தெரியாது. இலங்கை 2017இல் இழுவை மடிக்குத் தடை விதித்தது; அங்குள்ள தமிழ் மீனவர்கள் நம் இழுவைப் படகுகளைப் பற்றிச் சொல்லும் குறையில் இந்தக் குஞ்சுகளின் அழிவும் அடங்கியிருக்கிறது. அந்தக் குறை நியாயமானது.

தடைக்காலம் சரியான மாதத்தில்தான் இருக்கிறதா என்ற கேள்வியை மீனவர்களே எழுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை பின்னர் 61 நாளானது. இதை வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு மாற்ற வேண்டும் என்று மீனவர் அமைப்புகள் சில கேட்டுவருகின்றன. அப்போது எப்படியும் பல நாள் கடலுக்குப் போக முடிவதில்லை என்பது ஒரு காரணம், சில மீன்கள் அப்போதே சினையோடு இருக்கின்றன என்பது இன்னொரு காரணம். லார்வாக் கணக்கைப் பார்த்தால் கோடையைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. வகை வகையான குடும்பங்கள் சேர்ந்து பெருகும் காலம் அது. ஆனால் வெப்பக் கடலின் மீன்கள் பல ஒரே மாதத்தில் முட்டையிட்டு முடிப்பதில்லை. காரல், நெத்திலி போன்றவை ஆண்டின் பெரும்பகுதியில் தவணை தவணையாக இடுகின்றன. 61 நாள் எல்லா மீனுக்குமான தீர்வாக எந்த மாதத்தில் வைத்தாலும் ஆகாது. கழிமுக வாய்களிலும் கடல்தாழைப் படுகைகளிலும் குஞ்சுகள் சேரும் மாதங்களில் தனியே சிறு தடைகள் வேண்டும். அவை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுபடலாம்.

அப்படி முடிவெடுக்க நம்மிடம் இருக்கும் தரவு போதாது. கலிபோர்னியாவில் சார்டீன் என்னும் மத்தி வகை மீனின் வளம் வீழ்ந்த பிறகு, காரணம் அறிய 1949இல் தொடங்கிய லார்வாக் கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கிறது. அங்கே ஒரு பத்தாண்டை இன்னொரு பத்தாண்டோடு ஒப்பிட முடிகிறது. நம் கரையில் லார்வா ஆய்வுகள் பெரும்பாலும் முனைவர் பட்டத்தின் அளவுக்கு நீண்டவை: ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு. ஒருவர் பயன்படுத்திய கண்ணி அளவை அடுத்தவர் பயன்படுத்துவதில்லை. ஒருவர் பகலில், மற்றவர் இரவில். ஒரு புயல் ஆண்டில் எடுத்த மாதிரியையும் வறட்சி ஆண்டில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து மாற்றத்தைப் பேச முடியாது. கடல் வெப்பமாகிவருகிறது, பருவமழை தேதி தவறுகிறது என்றெல்லாம் பேசுகிறோம். அதனால் டயாட்டம் பெருகும் வாரமும் மடவை வரும் வாரமும் விலகுகின்றனவா என்று கேட்டால் காட்ட ஒரு தொடர் வரிசை வேண்டும்.

அதற்குப் பெரிய கப்பல் தேவையில்லை. சென்னை, பரங்கிப்பேட்டை, மண்டபம், தூத்துக்குடி ஆகிய நான்கு இடங்களிலும் கடல் ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரே கண்ணி அளவு வலை, ஒரே சுழலி, மாதம் ஒரு முறை அமாவாசையை ஒட்டிய இரவில் ஏற்ற ஓதத்தில் ஒன்றும் இறக்க ஓதத்தில் ஒன்றுமாக இரண்டு இழுப்பு, பாதி பார்மலினில், பாதி ஆல்கஹாலில் என்று ஒரு பொது முறையை வகுத்துக்கொண்டால் போதும். உள்ளூர் நாட்டுப்படகுகளைக் கூலிக்கு அமர்த்தலாம். எந்தக் காற்றில் எங்கே குஞ்சு ஒதுங்கும் என்பது அந்தப் படகுக்காரர்களுக்குத் தெரியும். படகு இறங்க முடியாத கார்த்திகை நாட்களில் முகத்துவாரத்தின் கரையில் நின்றே, ஓதம் உள்ளே வரும் நேரத்தில் நிலைவலை கட்டி மாதிரி எடுக்கலாம். கிடைக்கும் எண்களை ஆண்டுதோறும் தடைக்காலம் தொடங்குமுன், மார்ச் மாதத்திலேயே, மீனவ கிராமங்களின் அறிவிப்புப் பலகைகளில் தமிழில் ஒட்ட வேண்டும்.